தையல் மூலை: மெஷினை அலுமாரிக்குள் வைக்காதீர்கள்

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒட்டுத்துணிக் குவில்ட் பற்றிச் சின்னதாய் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் எப்படித் தைப்பது என்று கேட்டவர்கள் கொஞ்சப் பேர்தான், எப்போது தைப்பது என்று கேட்டவர்களே அதிகம். குறிப்பைப் படிக்காதவர்களுக்கு: குவில்ட் என்றால் மூன்று படை. மேலே துண்டு துண்டாய் இணைத்த துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் ஒன்றாய்ப் பிடித்து ஊடுருவத் தைத்து ஓரம் கட்டினால் வேலை முடிந்தது. சரி, கடிதங்களுக்கு வருவோம்.

அக்கா, எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் இந்த வருடம் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எடுக்கிறான், சின்னவள் நேர்சரி. மூன்று வருடத்துக்கு முன் தொடங்கிய குவில்ட் இன்னும் பாதியிலேயே கிடக்கிறது. காலை ஐந்து மணிக்கு எழும்பினால் இரவு பத்து மணிவரை ஓட்டம்தான். மெஷினை அலுமாரியிலிருந்து இறக்கவே மனம் வருவதில்லை. பிள்ளைகள் வளரும்வரை விட்டுவிடட்டுமா?
– வெள்ளவத்தை வாசகி

விடாதீர்கள். பிள்ளைகள் வளரும்வரை என்றால் அது எப்போது? புலமைப்பரிசில் முடிய சாதாரண தரம், அது முடிய உயர்தரம், அதற்குள் சின்னவளின் புலமைப்பரிசில் வந்து நிற்கும். அப்படிக் காத்திருந்த பெண்கள் கடைசியில் கண்ணாடி போட்டும் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று எனக்கு எழுதுகிறார்கள்.

உங்கள் கடிதத்திலேயே ஒரு விடை இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. மெஷின் அலுமாரிக்குள் இருக்கிறது என்கிறீர்கள். அதை இறக்கி, சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வயர் இழுத்து, நூல் கோத்து, துணியைத் தேடி எடுக்க அரை மணித்தியாலம் போய்விடும், திரும்பவும் தூக்கி வைக்க இன்னொரு கால் மணி. உங்களிடம் உள்ளதே முக்கால் மணி நேரம் என்றால் யாருக்குத்தான் மனம் வரும்? முதல் வேலையாக மெஷினுக்கு ஒரு நிரந்தர இடம் பாருங்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் தையலுக்கென்று தனி அறை கேட்க நான் வரவில்லை, கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் ஒரு சின்ன மேசையும் ஒரு கதிரையும் போதும், மேலே ஒரு பழைய பெட்சீற்றைப் போர்த்தி விடுங்கள், வருகிறவர்கள் கண்ணில் படாது. யாரும் சாப்பிடாத, யாரும் வீட்டுப்பாடம் செய்யாத மேசையாக மட்டும் இருக்கவேண்டும், அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்தது, குவில்ட் வேலையை ஒரே வேலையாக நினைப்பதை விடுங்கள். துணி வெட்டுவதற்கும் அயன் பண்ணுவதற்கும் மூன்று படையையும் விரித்துப் பிணைப்பதற்கும் பெரிய மேசையோ தரையோ வேண்டும், யாரும் குறுக்கே வராத இரண்டு மூன்று மணித்தியாலமும் வேண்டும். மெஷினில் இணைப்பதற்கு இருபது நிமிடம் போதும். கையால் இணைப்பதை எங்கிருந்தும் செய்யலாம். பத்து நிமிடம் கிடைத்தவுடன் வெட்டத் தொடங்கி, நடுவில் பாலைப் பார்க்க எழும்பி, திரும்பி வந்து அளவைப் பிழையாய் வெட்டி, பிறகு எனக்கு இது சரிவராது என்று மூடி வைக்கிறவர்கள்தான் அதிகம். வெட்டுகிற வேலையைப் போயா நாளுக்கு ஒதுக்குங்கள். மாதம் ஒன்று வரும், பாடசாலையும் இல்லை, ஒபிஸும் இல்லை. அன்று காலை ஒரு மாதத்துக்கான துண்டுகளை வெட்டி, இணைக்கவேண்டிய சோடிகளை முகம் பார்க்க ஒன்றன்மேல் ஒன்று வைத்து, உடுப்புக் காயவைக்கிற கிளிப்பால் பிடித்து ஒரு டப்பாவில் போட்டு விடுங்கள்.

அதற்குப் பிறகு இருபது நிமிடம் கிடைத்தால் டப்பாவை எடுத்து, ஒரு சோடியைத் தைத்து முடிந்தவுடன் நூலை வெட்டாமல் அடுத்த சோடியை ஊசிக்குக் கீழே தள்ளுங்கள், அது முடிய அடுத்தது. கடைசியில் தோரணம் மாதிரி தொங்கும், அப்போது எல்லாவற்றையும் ஒரேயடியாய் நறுக்கலாம். நூலும் மிச்சம், நேரமும் மிச்சம். ஒரே ஒரு கண்டிப்பு, தையல் விளிம்பு எல்லா இடத்திலும் கால் அங்குலமாக இருக்கவேண்டும். மெஷின் தட்டில் ஊசியிலிருந்து சரியாய்க் கால் அங்குலம் தள்ளி ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால், தூக்கக் கண்ணோடு தைத்தாலும் பிசகாது.

இனி ரியூசன். மூத்தவன் புலமைப்பரிசில் என்றால் கட்டாயம் ரியூசன் இருக்கும், நீங்கள் வெளியே பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு ஃபோனைத் தடவிக்கொண்டு இருப்பீர்கள். அந்த நேரத்துக்கு அறுகோணம் என்று ஒரு வேலை இருக்கிறது, பழைய இங்கிலாந்து முறை, ஒரு பிஸ்கட் டின்னுக்குள் எல்லாம் அடங்கும். வீட்டில் சேர்ந்து கிடக்கும் கலியாணக் கார்டுகளில் கொஞ்சம் மெல்லியவையாகப் பார்த்து, பக்கம் ஒரு அங்குலம் உள்ள அறுகோணங்களாய் வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டரை அங்குலச் சதுரத் துணி போதும். அட்டையைத் துணியின் நடுவில் வைத்து, சுற்றிவரக் கால் அங்குலம் விட்டு மிச்சத்தை நறுக்கி, அந்த ஓரத்தை அட்டைக்குப் பின்னால் மடித்து, மூலைக்கு மூலை பெரிய தையலாய் நூலோட்டிப் பிடியுங்கள். அப்படி இரண்டைச் செய்து முகத்தோடு முகம் வைத்து, விளிம்பின் மேலால் நுனியில் மட்டும் ஊசி பிடிக்கிற மாதிரி சின்னச் சின்னதாய்ச் சுற்றித் தைக்கவேண்டும், அட்டையைக் குத்தக்கூடாது. நடுவில் ஒன்று, சுற்றிவர ஆறு, ஒரு பூ வந்துவிடும். ஒரு அறுகோணத்தின் எல்லாப் பக்கமும் இணைந்த பிறகுதான் அதன் அட்டையை உருவலாம், உருவிய அட்டை திரும்பவும் பாவிக்க உதவும். ரியூசன் வாசலில் இரண்டு பேர் இதைத் தொடங்கினால் அடுத்த மாதம் ஆறு பேர் தைப்பார்கள், பிள்ளைகளின் மார்க்ஸ் பற்றிய பேச்சும் கொஞ்சம் குறையும், அதுவே பெரிய புண்ணியம்.

ஒன்று சொல்லவேண்டும், இரவு பன்னிரண்டு மணிக்குக் கண்விழித்துத் தைத்தால் நேரம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஐந்து மணிக்கு எழும்புகிற உடம்புக்கு அது ஆகாது, தையலும் கோணும்.

அக்கா, நான் ஒரு கணவன், வாசகி இல்லை, மன்னிக்கவும். என் மனைவி வீட்டில் குவில்ட் தைக்கிறார். ஹோல் முழுக்கத் துணித்துண்டு, ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு இரண்டு மணிக்குத்தான். கடையில் நல்ல போர்வை வாங்கலாம்தானே? இவ்வளவு நன்றாகத் தைக்கிறவர் பிளவுஸ் தைத்துக் கொடுத்தாலாவது கையில் நாலு காசு வருமே. இதை எப்படிச் சொல்வது?
– தெஹிவளை வாசகர்

தம்பி, சொல்லாதீர்கள், அதுதான் நல்ல வழி.

சிங்கர் இந்த நாட்டில் 1877இலிருந்து தையல் மெஷின் விற்கிறது. அன்று தொட்டு மெஷின் உள்ள ஒவ்வொரு பெண்ணிடமும் இந்தக் கேள்வியை யாராவது கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். பிளவுஸ் தைத்துக் கொடுப்பது தொழில், மரியாதையான தொழில், அதைச் செய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பண்டிகைக்கு முந்தின கிழமை அவர்கள் தூங்குவார்களா என்று. உங்கள் மனைவி வீட்டு வேலை, பிள்ளைகள் வேலை எல்லாம் முடித்துத் தனக்கென்று பிடித்து வைத்திருக்கிற ஒரு மணித்தியாலத்தை இன்னொருவரின் கைத்துளை அளவுக்கும் ஹூக்குக்கும் கொடுக்கச் சொல்கிறீர்கள். நீங்கள் கிரிக்கெட் பார்ப்பதற்கு யாராவது காசு கொடுத்தார்களா?

கடைப் போர்வையின் கணக்குச் சரிதான், அது மலிவு, குவில்டின் கூலியைக் கணக்குப் போட்டால் வாங்க ஆள் கிடைக்காது. ஆனால் அவர் போர்வை இல்லையென்று தைக்கவில்லையே.

ஹோலில் துண்டுகள் கிடப்பதற்கு மட்டும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, அதுவும் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஊசி தரையில் கிடந்தால் ஆபத்து. மேலே வெள்ளவத்தை வாசகிக்குச் சொன்ன மேசையை நீங்களே செய்வித்துக் கொடுங்கள். அப்புறம், தெஹிவளையில் இருந்துகொண்டு கடைசியாய்ப் பிள்ளைகளை மிருகக்காட்சிசாலைக்கு எப்போது கூட்டிப் போனீர்கள்? மாதத்தில் ஒரு ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பிள்ளைகளோடு புறப்பட்டு, யானையையும் பார்த்து, வரும்போது மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலும் வாங்கி வாருங்கள். இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது.

எங்கட உம்மா மௌத்தாகி ஒரு வருஷம் ஆகுது. அவங்கட வொயில் சாரிகள் ஒரு பெட்டி நிறைய இருக்குது. பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குவில்ட் தைக்கணும் என்று நினைச்சு வெச்சேன், ஆனா மூணு பிள்ளைகளோட நேரமே கிடைக்குதில்லை. பெட்டியைத் திறக்கிறதும் மூடுறதுமாவே இருக்கிறேன்.
– தெமட்டகொட வாசகி

நேரம் இல்லை என்று நீங்கள் எழுதியதில் பாதியைத்தான் நான் நம்புகிறேன், கோபிக்காதீர்கள். பெட்டியைத் திறக்க நேரம் கிடைக்கிறது, கத்தரிக்கோலை எடுக்கத்தான் கை வருவதில்லை. உம்மாவின் சாரியை வெட்டுவது லேசான காரியமா? ஒருமுறை வெட்டினால் வெட்டினதுதான்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம், ஆற்று வளைவுக்குள் ஒதுங்கிக் கிடக்கிற ஏழைக் கறுப்பின மக்களின் ஊர். வயலில் வேலை செய்து, பிள்ளைகளையும் வளர்த்துக்கொண்டு, பழைய வேலை உடுப்புகளைக் கிழித்து அங்கத்தைய பெண்கள் தைத்த குவில்டுகளை 2002இல் நியூயோர்க் விட்னி அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டிக் காட்டினார்கள், 2006இல் அமெரிக்காவில் தபால் முத்திரையாகவும் அச்சடித்தார்கள். அதில் ஒன்று 1942இல் மிசூரி பெட்வே என்ற பெண் தைத்தது. கணவர் இறந்த பிறகு அவர் வயலுக்குப் போட்ட உடுப்புகளைப் பட்டி பட்டியாய் இணைத்து, அவர் நினைவாகத் தானே போர்த்திக்கொள்வதற்கென்று தைத்தார். முழங்கால் தேய்ந்த இடமும் வெளுத்துப்போன இடமும் அப்படியே அதில் தெரியும்.

உங்களுக்கு நான் சொல்வது, முதலில் வெட்டவே வேண்டாம். வங்காளத்துப் பெண்களின் காந்தா முறையில் பழைய மெல்லிய சேலைகளை வெட்டாமல் மடித்து, படை படையாய் அடுக்கி, முழுப் பரப்பிலும் நெருக்கமாய் நூலோட்டியே போர்வை ஆக்குவார்கள், பஞ்சே கிடையாது. ஒரு சாரியை, உங்களுக்கு அவ்வளவு நெருக்கமில்லாத ஒன்றைப் பார்த்து, நாலாய் மடித்து, சுற்றிவரப் பெரிய தையலாய்ப் பிணைத்துவிட்டு, ஓரத்திலிருந்து நூலோட்டத் தொடங்குங்கள். பிள்ளை மடியில் தூங்கும்போதுகூடச் செய்யலாம், எந்த இடத்திலும் நிற்பாட்டலாம். கொழும்புச் சூட்டுக்கும் அதுதான் சரி, இங்கே ஜனவரி இரவில்கூட 22 பாகையை ஒட்டித்தான் நிற்கும், பஞ்சு வைத்தால் பிள்ளைகள் உதைத்துத் தள்ளிவிடுவார்கள். கை பழகியபிறகு மற்றச் சாரிகளை வெட்டுவதா என்று யோசிக்கலாம். வெட்டுவதென்றால், வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து நைந்த பகுதிகளை ஒதுக்கிவிட்டு, வொயில் வழுக்கும் என்பதால் அடியில் மெல்லிய கொட்டன் துணியை வைத்துப் பிணைத்தபிறகு வெட்டுங்கள். சிவப்பும் கறுப்பும் சாயம் போகுமா என்று ஈரமான வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கவும் மறக்காதீர்கள். ஒரு சாரியை மட்டும் தொடாமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு ரொறன்ரோவில் ஜனவரியில் பிள்ளை பிறக்கப் போகிறது. நான் டிசம்பரில் போகிறேன். வீட்டில் மகனின் இரண்டு பிள்ளைகளையும் நானே பார்க்கிறேன், அதற்கிடையில் ஒரு குழந்தைக் குவில்ட் முடிக்கலாமா? அந்தக் குளிருக்குத் தாங்குமா?
– கொட்டாஞ்சேனை வாசகி

முடிக்கலாம் அம்மா, ஆனால் சின்னதாய் வையுங்கள். முப்பத்தாறு அங்குலச் சதுரம். ஆறரை அங்குலமாய் வெட்டிய சதுரத் துண்டுகள் முப்பத்தாறு வேண்டும், விளிம்பு போக ஒவ்வொன்றும் ஆறு அங்குலம் வரும், வரிசைக்கு ஆறு. பூ, நட்சத்திரம் என்று ஆசைப்பட வேண்டாம். துண்டுகளைக் கட்டிலில் பரப்பி, கலர் பிடித்த மாதிரி வந்தவுடன் ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், பேரன் வந்து கலைத்தாலும் பரவாயில்லை. கொட்டன் துணிக்குப் புறக்கோட்டை கெய்சர் வீதிப் பக்கம் போய் வெட்டுத்துண்டு கேளுங்கள், மஹரகம போக வசதி என்றால் பமுணுவவில் இன்னும் கனக்கக் கிடைக்கும். வெட்டுவதற்கு முதல் எல்லாவற்றையும் ஒருமுறை கழுவிக் காயவையுங்கள், பிறகு சுருங்கினால் சதுரம் கோணிப்போகும்.

பஞ்சை இங்கிருந்து கட்டிக்கொண்டு போகாதீர்கள், பாரம் இல்லாவிட்டாலும் பெட்டியில் இடத்தைப் பிடிக்கும். மேல் துணியையும் அடித் துணியையும் முடித்துக் கொண்டுபோய், கொட்டன் பஞ்சுப் படையை அங்கே வாங்கி, பிள்ளைக்குக் காத்திருக்கிற நாட்களில் மகளோடு இருந்து மூன்றையும் சேர்த்துத் தைத்து விடுங்கள்.

ஒன்று முக்கியம். ஒரு வயது ஆகும்வரை குழந்தை தூங்கும்போது தொட்டிலில் குவில்டும் தலையணையும் வைக்கக்கூடாது என்றுதான் அங்கத்தைய குழந்தை வைத்தியர்கள் சொல்கிறார்கள், முகத்தை மூடி மூச்சு அடைக்கலாம். மகள் அதைச் சொன்னால் நாங்கள் உங்களை அப்படித்தானே வளர்த்தோம் என்று சண்டைக்குப் போகாதீர்கள். தரையில் விரித்துப் பிள்ளையைப் பக்கத்தில் இருந்து விளையாட விடலாம், பெரிதானபின் போர்த்தலாம். பட்டன், மணி ஒன்றும் வைத்துத் தைக்க வேண்டாம்.

பாங்க் வேலை, வீட்டுக்கு வர ஏழு மணி. பிள்ளை தூங்கியபிறகு மெஷினில் இருந்தால் கீழ் வீட்டுக்காரர் சத்தம் என்கிறார். வேறு வழி?
– வத்தளை வாசகி

மெஷின் சத்தத்தைவிட அதன் அதிர்வுதான் கீழே போகும். மேசைக் கால்களுக்கும் மெஷினுக்கும் அடியில் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்று போட்டுப் பாருங்கள், நன்றாய்க் குறையும். ஒன்பது மணிக்குப் பிறகு கைத்தையல் என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது மெஷின்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம், கைத்தையல்காரர்களுக்கு ஒரு குறையும் இல்லை. கீழ் வீட்டுக்காரருக்கு ஒரு தலையணை உறை தைத்துக் கொடுப்பதும் வீண்போகாது.

ஆறு வயது மகள் நான் தைக்க உட்கார்ந்தாலே மடியில் ஏறுகிறாள், நானும் தைக்கவேண்டும் என்கிறாள். விரட்டினால் அழுகை.
– பம்பலப்பிட்டி வாசகி

விரட்டாமல் வேலை கொடுங்கள். எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எது என்று அடுக்குவது அவள் பொறுப்பு, அவள் வைக்கிற கலர் உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் ஒரு வரிசையை அப்படியே தைத்து விடுங்கள். பெரிய கண் உள்ள மொட்டை ஊசியும் தடித்த நூலும் கொடுத்தால் சாக்குத் துணியில் நூலோட்டப் பழகுவாள். உருளைக் கத்தி வைத்திருந்தால் மட்டும், வெட்டி முடிந்த நிமிடமே மூடிப் பூட்டி அலுமாரிக்கு மேலே. அது ஒருமுறை உருண்டால் ஆறு மடிப்புத் துணியை வெட்டுகிற சாமான், விரல் அதற்கு ஒரு கணக்கே இல்லை. கீழே விழுந்த குண்டூசி தேட ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைப் பக்கம் வீடு. குத்தி வைத்த குண்டூசி எல்லாம் துருப்பிடித்துத் துணியில் கறை. என்ன செய்ய?
– கொள்ளுப்பிட்டி வாசகி

உப்புக் காற்று, நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. இன்று முடிக்கிற வேலைக்கு மட்டும் குண்டூசி குத்துங்கள். மூன்று படையைப் பிணைத்துவிட்டு மாதக்கணக்கில் இழுக்கிறவர்கள், அதாவது பிள்ளைகள் உள்ள எல்லோரும், ஊக்கு குத்தாமல் பெரிய தையலாய் நூலோட்டி விடுங்கள், அது எத்தனை மாதம் கிடந்தாலும் கறை விடாது. வந்த கறைக்கு தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவி வெயிலில் காயவைத்துக் கழுவலாம், ஆனால் கலர்த் துணியென்றால் ஓரத்தில் ஒரு துளி விட்டுப் பார்த்த பிறகு. ப்ளீச் மட்டும் ஊற்ற வேண்டாம், துருக்கறையை அது இன்னும் இறுக்கிவிடும்.

முடிக்காத குவில்ட் நாலு இருக்கும்போது ஐந்தாவதைத் தொடங்கலாமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

தொடங்குங்கள். அந்த நாலில் பார்த்தாலே அலுக்கிறது எதுவோ அதைத் தலையணை உறை அளவுக்கு நறுக்கி யாருக்காவது கொடுத்துவிட்டு, அந்த டப்பாவில் புதுத் துணியைப் போடுங்கள்.